விண்டோஸை அணைத்தால் உபுண்டுவில் லேன் எடுக்காத கணினி: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே கணினியில் விண்டோஸ் 10, உபுண்டு 22.04 (லினக்ஸ் வகை இயங்குதளம்) இரண்டும் இருக்கின்றன. விண்டோஸில் லேன், அதாவது கேபிள் வழி இணையம், ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. உபுண்டுவில் சில நாள் வருகிறது, சில நாள் வருவதே இல்லை. வராத நாளில் என்ன கட்டளை கொடுத்தாலும் அசைவதில்லை. "லினக்ஸுக்கு இந்த கார்டு ஒத்துவராது, வேற கார்டு வாங்கிப் போட்டுடுங்க" என்பதுதான் இத்தகைய கணினிக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில். ஆனால் இங்கே கார்டிலும் பழுதில்லை, லினக்ஸிலும் பழுதில்லை. கார்டை விண்டோஸ் எந்த நிலையில் விட்டுவிட்டுப் போகிறது என்பதில்தான் எல்லாமே இருந்தது. இரட்டை பூட் கணினியில் நெட்வொர்க் கோளாறு பார்க்க உட்காரும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இதற்கு முன் எந்த இயங்குதளம் ஓடியது, அதை எப்படி அணைத்தீர்கள்?

கட்டளைகளும் மெனுப் பெயர்களும் கீழே ஒலிப்பின்படி தரப்பட்டுள்ளன. கட்டளைகளை டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்கவும்.

கணினியும் புகாரும்

மதர்போர்டிலேயே பதிந்திருக்கும் ரியல்டெக் ஆர்டிஎல்8111எச் நெட்வொர்க் சில்லு (கார்டு என்று இங்கே சொல்வது இதைத்தான்). பிசிஐ அடையாள எண் 10ஈசி:8168. 8 ஜிபி ரேம், யூஇஎஃப்ஐ பூட், செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் இல்லாத பூட் மென்பொருளை மறுக்கும் காப்பு) இயக்கத்தில். எஸ்எஸ்டியில் இரண்டு இயங்குதளங்களும் இருந்தன. தனி ஹார்டு டிஸ்க்கில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை) பகுதி. பகலில் கணக்கு மென்பொருளுக்காக விண்டோஸ், மாலையில் நிரல் எழுத உபுண்டு என்று ஆள் மாறிப் பயன்படுத்தும் கணினி.

புகாரில் மூன்று விஷயங்கள் இருந்தன. ஒன்று, மாலையில் உபுண்டுவில் லேன் எடுப்பதில்லை. இரண்டு, பொதுப் பகுதியில் இருக்கும் கோப்புகளைத் திறக்க முடிகிறது, ஆனால் சேமிக்க முடிவதில்லை. மூன்று, கரண்ட் போய் வந்த நாளில் எல்லாம் லேன் ஒழுங்காக எடுக்கிறது. மூன்றாவதை யாரும் பொருட்படுத்தவில்லை, தற்செயல் என்று விட்டுவிட்டார்கள். இரண்டாவதை வேறு புகாராகவே எண்ணியிருந்தார்கள். கண்டுபிடிக்க உதவியவை அந்த இரண்டும்தான்.

கட்டளைக்கு முன் விளக்கு

கேபிள் செருகும் துளையின் ஓரத்தில் இரண்டு சிறு விளக்குகள் இருக்கும். ஒன்று இணைப்பு இருப்பதையும் வேகத்தையும் காட்டும், மற்றது தரவு போகும்போது துடிக்கும். கணினியை மேசைக்கடியிலிருந்து கொஞ்சம் இழுத்து, பின்பக்கம் குனிந்து இந்த விளக்கைப் பார்ப்பதுதான் முதல் சோதனை. விளக்கு எரிந்து இணையம் வராவிட்டால் ஐபி முகவரி, டிஎன்எஸ், நெட்வொர்க் மேனேஜர் அமைப்பு என்று மென்பொருள் பக்கம் போகலாம். விளக்கே எரியவில்லை என்றால் அந்தப் பக்கம் போவது வீண். கேபிள், ரவுட்டரின் போர்ட், கார்டின் மின்நிலை ஆகியவற்றுக்குள்தான் தேட வேண்டும்.

இந்தக் கணினியில் விளக்கு அணைந்திருந்தது. அதைவிட முக்கியம், எப்போதிலிருந்து அணைந்திருந்தது என்பது. கணினியைப் போட்டதும் பயோஸ் திரையில் விளக்கு இல்லை. எந்த இயங்குதளம் என்று கேட்கும் க்ரப் மெனு நிற்கும்போதும் இல்லை. லினக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நினைவகத்துக்குள் வருவதற்கு முன்பே கார்டு உறங்கிக்கொண்டிருக்கிறது என்றால், அதை உறங்க வைத்தது லினக்ஸாக இருக்க முடியாது. கேபிளையும் ரவுட்டர் போர்ட்டையும் மாற்றிப் பார்த்தும் அதே நிலைதான். அதே கேபிளில் விண்டோஸ் பூட் ஆனதும் விளக்கு பளிச்சென்று வருகிறது.

உபுண்டுவுக்குள் ஐபி லிங்க் கட்டளை, என்பி3எஸ்0 என்ற இடைமுகத்துக்கு எதிரே "நோ-கேரியர்", "ஸ்டேட் டவுன்" என்று காட்டியது. இடைமுகத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறது, கேபிளில் சமிக்ஞை இல்லை என்று பொருள். ஈத்டூல் கட்டளையும் "லிங்க் டிடெக்டட்: நோ" என்றே முடித்தது.

முதலில் அகற்ற வேண்டியிருந்த பழைய திருத்தம்

மேலே சொன்ன நிலைக்கு வருவதற்கே ஒரு தடையைத் தாண்ட வேண்டியிருந்தது. முதல் பார்வையில் ஐபி லிங்க் பட்டியலில் என்பி3எஸ்0 இல்லவே இல்லை. எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என்கே விருப்பத்தோடு கொடுத்தால் கார்டின் பெயர் வருகிறது, அடியில் "கர்னல் மாட்யூல்ஸ்" வரியும் வருகிறது. ஆனால் "கர்னல் டிரைவர் இன் யூஸ்" என்ற வரியைக் காணோம். கார்டு இருக்கிறது, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஒட்டவில்லை.

காரணம், முன்னர் செய்து பார்த்த வைத்தியம். ரியல்டெக் கார்டு என்றாலே ஆர்8168-டிகேஎம்எஸ் என்ற தொகுப்பை நிறுவச் சொல்லும் பழைய குறிப்புகள் இணையம் முழுக்க இருக்கின்றன. இங்கும் கோளாறு தொடங்கிய பின் கடைசியாக அதை நிறுவியிருந்தார்கள். அந்தத் தொகுப்பு இரண்டு வேலை செய்கிறது: ஆர்8168 மாட்யூலை (கர்னலில் ஏற்றப்படும் டிரைவர் துண்டு) அந்தக் கணினியிலேயே தொகுக்கிறது, கூடவே கர்னலோடு வரும் ஆர்8169 டிரைவரைத் தடைப்பட்டியலில் சேர்க்கிறது. செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால், புதிதாகத் தொகுத்த மாட்யூலின் கையொப்பச் சாவியை யூஇஎஃப்ஐ-யில் பதிய வேண்டும். நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும், அடுத்த பூட்டில் "பெர்ஃபார்ம் எம்ஓகே மேனேஜ்மென்ட்" என்று நீலத் திரை வரும், அதில் "என்ரோல் எம்ஓகே"-வைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். அந்தத் திரை சில விநாடிகளே காத்திருக்கும். தவறவிட்டால் பூட் தொடர்ந்துவிடும், சாவி பதிவாகாது. இங்கே அப்படித்தான் ஆகியிருந்தது. மாட்ப்ரோப் மூலம் ஆர்8168-ஐ ஏற்றிப் பார்த்தால் "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்று கர்னல் மறுத்தது. புது டிரைவர் ஏறவில்லை, பழையது தடையில் இருக்கிறது. கார்டு அனாதையாக நின்றது.

இதை நீக்க இணையம் தேவையில்லை. சுடோ ஆப்ட் பர்ஜ் ஆர்8168-டிகேஎம்எஸ் கொடுத்து, பிறகு சுடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ கொடுத்து (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸை இது மறுபடி உருவாக்கும்), ரீஸ்டார்ட் செய்தால் போதும். "பர்ஜ்" என்று கொடுப்பது முக்கியம். "ரிமூவ்" கொடுத்தால் அமைப்புக் கோப்புகள் தங்கிவிடும், தடைப்பட்டியல் அதில்தான் இருக்கிறது. நீக்கிய பின் ஈடிசி அடைவின் மாட்ப்ரோப்.டி உள்ளடைவில் ஆர்8169 என்ற சொல்லை கிரெப் வைத்துத் தேடி, வேறெங்கும் தடை இல்லை என்று உறுதி செய்துகொள்ளவும். இதற்குப் பிறகு எல்எஸ்பிசிஐ, "கர்னல் டிரைவர் இன் யூஸ்: ஆர்8169" என்று காட்டியது. விளக்கு மட்டும் இன்னும் எரியவில்லை. அப்போதுதான் அசல் கோளாறு தனியாக முன்னே வந்து நின்றது.

இந்த வேலைகளின்போது கணினியில் இணையம் வேண்டுமென்றால் கைபேசியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் போதும். உபுண்டுவில் அதற்குத் தனி டிரைவர் வேண்டாம்.

எதற்குப் பின் எது: வரிசைச் சோதனை

வரும் நாள், வராத நாள் என்று மாறி மாறி வரும் கோளாறில், "இன்று வேலை செய்தது" என்பதை வைத்து எந்தத் திருத்தத்தையும் நம்பக் கூடாது. எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போனால் கோளாறு வருகிறது என்பதைத் தாளில் எழுதி வைத்துச் சோதிக்க வேண்டும். இங்கே கிடைத்தவை:

உபுண்டுவை ஷட்டவுன் செய்து மறுபடி உபுண்டு: விளக்கு எரிகிறது.
விண்டோஸை ரீஸ்டார்ட் செய்து உபுண்டு: எரிகிறது.
விண்டோஸை ஷட்டவுன் செய்து, பிறகு போட்டு உபுண்டு: எரியவில்லை.
எரியாத நிலையில் உபுண்டுவை ரீஸ்டார்ட் செய்து மறுபடி உபுண்டு: எரியவில்லை.
விண்டோஸை ஷட்டவுன் செய்து, சுவர் ஸ்விட்சை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, கணினியின் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, மறுபடி செருகி உபுண்டு: எரிகிறது.

இந்த ஐந்து வரிகள் பெரும்பாலும் முடிவையே சொல்லிவிடுகின்றன. கோளாறு விண்டோஸின் ஷட்டவுனில் பிறக்கிறது, லினக்ஸை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது, மின்சாரத்தை அடியோடு துண்டித்தால்தான் போகிறது. கரண்ட் போன நாளில் எல்லாம் சரியாக இருந்ததற்கும் விடை இதுவே. யூபிஎஸ் இல்லாத கணினி என்பதால் மின்வெட்டு அந்த ஐந்தாவது சோதனையைத் தானே செய்துவிட்டுப் போயிருக்கிறது. யூபிஎஸ் இருந்திருந்தால் இந்தத் துப்பே கிடைத்திருக்காது.

ஏன் அப்படி

ஷட்டவுன் செய்த மேசைக் கணினி முழுதாக அணைந்துவிடுவதில்லை. ஏடிஎக்ஸ் பவர் சப்ளை, சுவர் ஸ்விட்ச் போட்டிருக்கும் வரை 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரத்தை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். 24 முனை இணைப்பில் 9-ம் முனை, ஊதா நிறக் கம்பி. பவர் பட்டன் அழுத்தியதும் கணினி எழுவதும், லேன் வழியாக வெளியிலிருந்து எழுப்ப முடிவதும் இந்த மின்சாரத்தால்தான். கணினி அணைந்திருக்கும்போதும் நெட்வொர்க் கார்டு விழித்திருந்து, 6 பைட் எஃப்எஃப்-ஐயும் அதைத் தொடர்ந்து தன் மேக் முகவரி (கார்டின் 6 பைட் அடையாள எண்) 16 முறை வருவதையும் கொண்ட 102 பைட் செய்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். அந்தச் செய்திக்கு மேஜிக் பாக்கெட் என்று பெயர்.

ஆக, கார்டின் உள்நிலை ஷட்டவுனைத் தாண்டியும் உயிரோடு இருக்கிறது. ரியல்டெக்கின் விண்டோஸ் டிரைவரில் "ஷட்டவுன் வேக்-ஆன்-லேன்" என்று ஓர் அமைப்பு உண்டு. அது "டிசேபிள்டு" என்று இருந்தால், கணினி அணையும்போது யாரும் லேன் வழியாக எழுப்பப் போவதில்லை என்று கொண்டு, கேபிளோடு பேசும் பகுதியை டிரைவர் அணைத்துவிடுகிறது. அடுத்து விண்டோஸ் வந்தால் அதே டிரைவர் திரும்ப இயக்கிக்கொள்கிறது. அடுத்து லினக்ஸ் வந்தால், காத்திருப்பு மின்சாரம் அறாததால் கார்டு பழைய நிலையிலேயே இருக்கிறது. சில சில்லு, சில மதர்போர்டு சேர்க்கையில் ஆர்8169 டிரைவரால் அதை மீட்க முடிவதில்லை. ரியல்டெக்கின் 8111, 8168 வரிசையில் இது பல ஆண்டுகளாக அறியப்பட்ட நடத்தை. ரீஸ்டார்ட்டில் கோளாறு வராததற்குக் காரணம், அப்போது கணினி அணைந்த நிலைக்குப் போவதே இல்லை என்பதுதான்.

இதன்மேல் இன்னோர் அடுக்கு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து "ஷட்டவுன்" என்ற பொத்தான் உண்மையில் அரை உறக்கம். பயனரின் நிரல்கள் மூடப்படும், ஆனால் விண்டோஸ் கர்னலும் டிரைவர்களும் இருந்த நிலை ஹைபர்ஃபில் கோப்பில் எழுதப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே எடுக்கப்படும். விண்டோஸின் கணக்கில் அது இன்னும் அணையவில்லை. என்டிஎஃப்எஸ் பகுதிகளையும் அது விடுவிக்கவில்லை. அதனால்தான் உபுண்டு அந்தப் பொதுப் பகுதியைப் படிக்க மட்டும் இணைத்தது. டிமெஸ்க், ஜர்னல்சிடிஎல் கட்டளைகள் காட்டும் கணினிப் பதிவுகளில் "மெட்டாடேட்டா கெப்ட் இன் விண்டோஸ் கேஷ்" என்ற வரி இருந்தால் பெரும்பாலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்குகிறது என்று கொள்ளலாம். லேன் வேலை செய்யாத புகாரோடு இந்தப் புகாரும் சேர்ந்து வந்தால் நேரே விண்டோஸின் அணைப்பு முறைக்குப் போய்விடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். எழுத முடியாத பகுதியை எழுத வைக்க என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் கட்டளையோ, ரிமூவ்_ஹைபர்ஃபைல் விருப்பமோ கொடுக்கச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்ற வேண்டாம். விண்டோஸ் பழைய கோப்பு அட்டவணையை நினைவில் வைத்துக்கொண்டு உறங்குகிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் புதிதாக எழுதினால், விண்டோஸ் எழுந்ததும் தன் பழைய அட்டவணையை அதன்மேல் எழுதும். அந்தப் பகுதியில் இருந்தவை ஒரு கடையின் கணக்குக் கோப்புகள். அவற்றோடு ஒப்பிட்டால் லேன் வராதது ஒரு பொருட்டே இல்லை.

திருத்தம்

இரண்டு அமைப்புகளும் விண்டோஸுக்குள்தான். ஒன்றை மாற்றியதும் வரிசைச் சோதனையைத் திரும்பச் செய்து, பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.

முதலில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் "சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ". மேலே "சேஞ்ச் செட்டிங்ஸ் தட் ஆர் கரண்ட்லி அன்அவைலபிள்" என்ற இணைப்பை அழுத்தினால்தான் கீழே உள்ள தேர்வுகள் திறக்கும். "டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்" எதிரே உள்ள குறியை எடுத்துவிட்டுச் சேமிக்கவும். ஹைபர்நேட்டே வேண்டாம் என்பவர்கள் நிர்வாகி உரிமையோடு திறந்த கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி /எச் ஆஃப் கொடுக்கலாம். ஹைபர்ஃபில் கோப்பும் அழிந்து, இயல்பான அமைப்பில் ரேமின் அளவில் 40 சதவீதம் வரை இடம் திரும்பக் கிடைக்கும்.

இதைச் செய்து விண்டோஸை ஒருமுறை முழுதாக ஷட்டவுன் செய்த பின், பொதுப் பகுதி உபுண்டுவில் எழுதக்கூடியதாக வந்துவிட்டது. விளக்கு இன்னும் வரவில்லை. பலர் இந்த இடத்தில்தான் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எடுத்தும் பயனில்லை" என்று திரும்பிவிடுகிறார்கள். பல கணினிகளுக்கு இது மட்டுமே போதுமானது. இந்தக் கணினிக்கு அடுத்த படியும் தேவைப்பட்டது.

இரண்டாவது, டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ், "ரியல்டெக் பிசிஐஇ ஜிபிஇ ஃபேமிலி கன்ட்ரோலர்" மீது வலது சொடுக்கு, ப்ராப்பர்டீஸ், அட்வான்ஸ்டு தாவல். அதில்:

ஷட்டவுன் வேக்-ஆன்-லேன்: எனேபிள்டு.
வேக் ஆன் மேஜிக் பாக்கெட்: எனேபிள்டு.
வேக் ஆன் பேட்டர்ன் மேட்ச்: டிசேபிள்டு.

மூன்றாவதைக் கவனமாகச் செய்யவும். அது எனேபிள்டு ஆக இருந்தால் வீட்டு நெட்வொர்க்கில் சாதாரணமாகச் சுற்றும் செய்திகளுக்கே கணினி விழித்துக்கொள்ளக்கூடும். நள்ளிரவில் தானாகவே கணினி ஓடத் தொடங்கியது என்ற புதுப் புகார் வரும். மேஜிக் பாக்கெட் மட்டும் என்றால் அந்தக் கவலை இல்லை. இந்தப் பட்டியலில் ஷட்டவுன் வேக்-ஆன்-லேன் என்ற வரியே இல்லாவிட்டால், விண்டோஸ் தானாகப் போட்ட பொது டிரைவர் இருக்கிறது என்று பொருள் கொள்ளலாம். மதர்போர்டு தயாரிப்பாளர் தரும் டிரைவரை நிறுவினால் பெரும்பாலும் வரும்.

மாற்றிவிட்டு விண்டோஸை ஷட்டவுன் செய்தபோது, கணினி அணைந்த பின்னும் லேன் விளக்கு தொடர்ந்து எரிந்தது. அணைந்த கணினியில் விளக்கு எரிவதைப் பார்த்துச் சிலர் பதறுவார்கள். இங்கே நமக்கு வேண்டியது அதுதான். நிறம் மாறியோ மங்கியோ எரிந்தாலும் குறையில்லை. "டபிள்யூஓஎல் & ஷட்டவுன் லிங்க் ஸ்பீடு" என்ற அமைப்பின்படி, மின்சாரத்தை மிச்சப்படுத்த அணைந்த நிலையில் 10 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இறங்கியிருக்கும். பிறகு பவர் பட்டன், க்ரப், உபுண்டு. டிமெஸ்க்கில் "லிங்க் இஸ் அப்" என்ற வரி வந்தது.

விண்டோஸைத் தொட முடியாதபோது

அலுவலகக் கணினி, நிர்வாகிக் கடவுச்சொல் வேறொருவரிடம் என்றால் பயோஸில் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, "ஈஆர்பி" அல்லது "ஈஆர்பி ரெடி" என்ற அமைப்பை இயக்குவது. அணைந்த கணினி அரை வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்ற ஐரோப்பிய விதியை ஒட்டி வந்த அமைப்பு இது. ஷட்டவுன் ஆனதும் காத்திருப்பு மின்சாரத்தைப் பெரும்பாலும் துண்டித்துவிடும். அதாவது, பவர் கேபிளைப் பிடுங்கும் வேலையைக் கணினியே ஒவ்வொரு முறையும் செய்யும். லேன் வழி எழுப்புதல் இதனால் நின்றுபோகும். அணைந்த கணினியின் யூஎஸ்பி துளையில் கைபேசிக்குச் சார்ஜ் போடுபவர்களுக்கும் அது கிடைக்காது. இன்னொரு வழி, லேன் பூட் ரோம் அல்லது நெட்வொர்க் ஸ்டேக்கை இயக்குவது. பயோஸே பூட்டின் தொடக்கத்தில் கார்டைத் தட்டி எழுப்பிவிடும். பூட் சில விநாடி நீளும். பூட் வரிசையில் நெட்வொர்க்கைக் கடைசியில் வைக்காவிட்டால், ரவுட்டரிடம் பூட் கோப்பு கேட்டு நின்றுகொண்டிருக்கும்.

லினக்ஸ் பக்கமிருந்து செய்து பார்க்க இருப்பவை ஐபி லிங்க் மூலம் இடைமுகத்தைக் கீழிறக்கி மேலேற்றுவது, ஆர்8169-ஐ மாட்ப்ரோப் -ஆர் மூலம் நீக்கி மறுபடி ஏற்றுவது, சிஸ் அடைவில் அந்தப் பிசிஐ சாதனத்தின் ரிமூவ் கோப்பில் 1 எழுதிவிட்டு ரீஸ்கேன் கோப்பில் 1 எழுதுவது. இந்தக் கணினியில் மூன்றும் பலிக்கவில்லை. சில கணினிகளில் பலிக்கும் என்பதால் பவர் கேபிளைப் பிடுங்குவதற்கு முன் செய்து பார்க்கலாம். பலித்தாலும் அன்றைக்கு மட்டும்தான்.

மடிக்கணினியில் பவர் கேபிளைப் பிடுங்கினால் போதாது, பேட்டரி காத்திருப்பு மின்சாரத்தைத் தரும். கழற்ற முடியாத பேட்டரி என்றால் சார்ஜரை எடுத்துவிட்டுப் பவர் பட்டனை நீளமாக அழுத்திப் பிடிக்கவும். சில மாடல்களின் பயோஸில் பேட்டரியைத் தற்காலிகமாகத் துண்டிக்கும் தேர்வும் உண்டு.

விளக்கு வந்தது, வேகம் 100-ல் நின்றது

லேன் எடுத்த பின் ஈத்டூல் காட்டிய வேகம் 100 எம்பிபிஎஸ். ரவுட்டரும் கார்டும் ஜிகாபிட். டிமெஸ்க்கில் "டவுன்ஷிஃப்ட் அக்கர்டு", "செக் கேப்ளிங்" என்ற சொற்கள் இருந்தன. இரு முனையும் 1 ஜிபிபிஎஸ் பேச ஒப்புக்கொண்டு, கேபிள் தாங்காமல் 100-க்கு இறங்கியிருக்கிறது என்று அதற்குப் பொருள். விண்டோஸிலும் இதே 100தான் இருந்திருக்கிறது. இணையத் திட்டத்தின் வேகம் அதற்குக் கீழே என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு இணைக் கம்பிகள் போதும், ஆர்ஜே45 முனையில் 1, 2, 3, 6. ஜிகாபிட்டுக்கு நான்கு இணைகளும் வேண்டும். 4, 5-ல் இருக்கும் நீல இணையோ, 7, 8-ல் இருக்கும் பழுப்பு இணையோ அறுந்தால் இணைப்பு நிற்காது, வேகம் மட்டும் பத்தில் ஒரு பங்காகும். பிளாஸ்டிக் முனையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது, எட்டாவது இடத்துப் பழுப்புக் கம்பி மற்றவற்றைவிடக் கொஞ்சம் உள்வாங்கி, செம்புத் தகடு குத்தும் இடம்வரை எட்டாமல் நின்றது. முனையை வெட்டி, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் அடுக்கி, நுனிகளைச் சமமாக நறுக்கி, புது முனையில் கடைசிவரை தள்ளிக் கிரிம்ப் செய்ததும் 1000 வந்தது. ஐபெர்ஃப்3 வைத்து இன்னொரு கணினியோடு அளந்தால் ஆரோக்கியமான ஜிகாபிட் இணைப்பு 940 எம்பிபிஎஸ் அளவில் காட்டும், 100-ல் மாட்டியது 94 அளவில் நிற்கும். இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்திருந்தால் வேகப் புகாரில் பாதி அங்கேயே பிரிந்துவிடும்.

இதே அறிகுறி, வேறு காரணம்

2.5 ஜிகாபிட் ஆர்டிஎல்8125, அடையாள எண் 10ஈசி:8125. லினக்ஸ் கர்னல் 5.4 முதல்தான் ஆர்8169 இதை அறியும். உபுண்டு 18.04-ன் 4.15 கர்னலில் டிரைவரே ஒட்டாது. விண்டோஸ் அமைப்புகளை எவ்வளவு மாற்றினாலும் பயனில்லை, கர்னலைப் புதுப்பிக்க வேண்டும்.

டிமெஸ்க்கில் "ரியல்டெக்.கேஓ நாட் லோடட்" என்று வந்தால், கேபிளோடு பேசும் பகுதிக்கான துணை மாட்யூல் ஆர்8169-க்கு முன் ஏறவில்லை. இனிட்ராம்எஃப்எஸ்ஸில் ரியல்டெக் மாட்யூலைச் சேர்த்து மறுபடி உருவாக்கவும்.

இன்டெல் வைஃபை கார்டுகளிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இதே வேலையைச் செய்யும். ஐடபிள்யூஎல்வைஃபை டிரைவர் -110 என்ற பிழையோடு நின்றுவிடும். அது நேரம் கடந்தும் கார்டிடமிருந்து பதில் வரவில்லை என்பதற்கான எண். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எடுத்துவிட்டு, ஒருமுறை மின்சாரத்தை முழுதாக வடியவிட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆர்எஃப்கில் லிஸ்ட் கட்டளையில் "ஹார்டு பிளாக்டு: எஸ்" என்று இருந்தால் அது வேறு. மடிக்கணினியின் வைஃபை ஸ்விட்சையோ விசையையோ பார்க்கவும்.

விளக்கு எரிகிறது, ஐபி முகவரி மட்டும் வரவில்லை என்றால் என்எம்சிஎல்ஐ டிவைஸ் கட்டளையைப் பார்க்கவும். இடைமுகத்துக்கு எதிரே "அன்மேனேஜ்டு" என்றிருந்தால் நெட்வொர்க் மேனேஜர் அதைக் கையிலேயே எடுக்கவில்லை. நெட்பிளான் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பு) கோப்பில் ரெண்டரர், அதாவது இடைமுகத்தை நிர்வகிக்கும் நிரல், எது என்று சரிபார்க்க வேண்டும்.

திரும்ப வந்தால்

விண்டோஸின் பெரிய புதுப்பிப்பு ஒன்று வந்த பிறகு ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் மறுபடி இயங்கத் தொடங்குவதும், ரியல்டெக் டிரைவர் மாறி அட்வான்ஸ்டு தாவலின் அமைப்புகள் பழைய இடத்துக்குப் போவதும் நடக்கக்கூடியவை. கோளாறு திரும்பினால் முதலில் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் பகுதிக்குப் போய் "கர்னல்-பூட்" மூலத்தில் 27-ம் எண் நிகழ்வைப் பார்க்கவும். பூட் வகை 0எக்ஸ்0 என்றிருந்தால் முந்தைய அணைப்பு முழுமையானது. 0எக்ஸ்1 என்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் திரும்பிவிட்டது. 0எக்ஸ்0 ஆக இருந்தும் விளக்கு இல்லையென்றால் ஷட்டவுன் வேக்-ஆன்-லேன் வரியைத் திறந்து பார்க்கவும். அதுவரை அவசரத்துக்கு உபுண்டு வேண்டுமென்றால், விண்டோஸில் ஷட்டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து, க்ரப்பில் உபுண்டுவைத் தேர்ந்துகொள்ளலாம்.